ஆபரேஷன் கத்தியை கழுவுவது யார்? 8 உயிர் போன பிறகும் யாரும் கேட்காத கேள்வி

திருப்பத்தூர்: பல் வலி என்று கிளினிக்குக்கு நடந்து போனவர்கள், சில வாரங்களில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்து போனார்கள். ஒருவர் இருவர் அல்ல, 8 பேர். இது நடந்தது வேறு எங்கோ இல்லை. தோல் தொழிற்சாலைகளுக்கு பேர் போன வாணியம்பாடியில்தான்.

2022-ம் ஆண்டு ஜூலை முதல் 2023-ம் ஆண்டு ஏப்ரல் வரை வட மாவட்டங்களில் 21 பேருக்கு 'மெலியாய்டோசிஸ்' என்ற கிருமி நோய் மூளையை தாக்கியது. இவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் பிழைக்கவில்லை. கிளினிக் பக்கமே போகாத மற்ற 11 பேரில் இறந்தது ஒருவர் மட்டுமே. இந்த கணக்கை பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும், மத்திய அரசின் தொற்றுநோயியல் நிறுவன விஞ்ஞானிகளும், மாநில பொது சுகாதாரத்துறையினரும் சேர்ந்து துருவி ஆராய்ந்தார்கள். கடைசியில் மாட்டியது என்ன தெரியுமா? ஒரு சலைன் பாட்டிலும், ஒரு கருவியும்.

பல் பிடுங்கும்போது ஈறை எலும்பில் இருந்து நெம்பி விலக்க ஒரு இரும்பு கருவி உண்டு. 'எலிவேட்டர்' என்பார்கள். அதைக் கொண்டே சலைன் பாட்டிலை நெம்பி திறந்திருக்கிறார்கள். கருவி கிருமி நீக்கம் செய்யப்படவில்லை. திறந்த பாட்டிலை ஒப்புக்கு மூடி வைத்து, மிச்ச சலைனை அடுத்தடுத்து வந்தவர்களின் வாயில் பீய்ச்சி கழுவியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலை சோதித்தபோது அதே கிருமி இருந்தது.

இந்த கிருமி ஒன்றும் வெளிநாட்டில் இருந்து வந்தது இல்லை. மழைக்காலத்தில் வயல் சேற்றிலும், தேங்கிய தண்ணீரிலும் இருப்பதுதான். சாதாரணமாக வெறுங்காலில் உள்ள புண் வழியாகவோ, மூச்சு வழியாகவோ உடம்பில் ஏறும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். இங்கே பல் பிடுங்கிய குழி வழியாக நேராக போய்விட்டது. அங்கிருந்து மூளைக்கு ரொம்ப தூரம் இல்லை.

கிளினிக் 2023-ம் ஆண்டே மூடப்பட்டது. ஆனால் 'இதுதான் காரணம்' என்று ஊருக்கு முழுசாக தெரிந்தது, ஆய்வு முடிவு மருத்துவ இதழில் வெளியான 2025-ம் ஆண்டு மே மாதத்தில்தான். இடையில் 2 வருஷம். அதுவரை அப்பா எதனால் செத்தார், அம்மா எதனால் செத்தார் என்று தெரியாமலே குடும்பங்கள் காரியம் முடித்துவிட்டன.

செய்தி வந்த வாரம் பரபரப்பு இருந்தது. எல்லாரும் டாக்டரை திட்டினார்கள். பிறகு அடங்கிவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒருவர் உடம்பில் நுழைந்து ரத்தத்தோடு வெளியே வரும் கருவி, அடுத்தவர் உடம்பில் நுழைவதற்கு முன்னால் எங்கே போகிறது? யார் எடுத்துப் போகிறார்கள்? யார் கழுவுகிறார்கள்?

காய்ந்த ரத்தம், காய்ந்த சாம்பார்

சாப்பிட்டு முடித்த சாம்பார் சட்டியை உடனே தண்ணீர் ஊற்றி வைத்தால் கழுவ 2 நிமிஷம். மறுநாள் காலையில் கழுவினால் தேய்த்து தேய்த்து கை வலிக்கும். ஆபரேஷன் கருவியும் அதேதான். கத்தரி, ஆர்ட்டரி பார்செப்ஸ், ஊசி பிடிக்கும் இடுக்கி என எல்லாவற்றிலும் மடங்கும் இடம், பல் பல்லாக உள்ள இடம் இருக்கிறது. ரத்தம் அங்கேதான் போய் உட்காரும். காய்ந்துவிட்டால் கிருமிகளுக்கு அது கோட்டை. மேலே நீராவி அடித்தாலும் உள்ளே ஏறாது.

அதனால் கழுவும் வேலை கழுவும் அறையில் தொடங்குவதில்லை, தியேட்டரிலேயே தொடங்குகிறது. ஆபரேஷன் நடக்கும்போதே நர்சு ஈரத்துணியால் ரத்தத்தை துடைக்க வேண்டும். முடிந்ததும் கத்தரி, இடுக்கிகளை விரித்த நிலையில் வைத்து, காயாமல் இருக்க ஈரத்துணி போர்த்தியோ, அதற்கென உள்ள ஸ்பிரே அடித்தோ அனுப்ப வேண்டும். கத்தி பிளேடும், ஊசியும் அந்த இடத்திலேயே குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவுக்குள் போய்விட வேண்டும். தட்டில் கிடந்தால் அடுத்து அதை தூக்குபவரின் விரலில்தான் இறங்கும்.

இங்கே ரெண்டு தப்பு வழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஒன்று, கருவியை சலைனில் ஊறப்போடுவது. சலைன் என்பது உப்புத்தண்ணி. எவர்சில்வரையே அரித்து புள்ளி புள்ளியாக குழி விழ வைக்கும். அந்த குழிக்குள் அடுத்த நாள் ரத்தம் தங்கும். இன்னொன்று, ரத்தத்தோடு அப்படியே பிளீச்சிங் தண்ணீர் வாளியில் முக்குவது. ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016-ம் ஆண்டு கையேட்டில், கழுவுவதற்கு முன் இப்படி ஊறப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ரத்தம் பட்டதுமே குளோரினின் வேகம் குறைந்துவிடும், கருவியும் கெடும். வாளியில் முக்கிவிட்டோம், கிருமி செத்திருக்கும் என்று நம்பி வெறுங்கையை விடுபவருக்கு ஆபத்து வேறு.

வெந்நீரும் கூடாது. முட்டை அடித்த பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? வெந்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்திலும் முட்டையைப் போல புரதம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரும், ரத்தத்தை கரைக்கும் 'என்சைம்' சோப்பு கரைசலும்தான் சரி. கழுவும்போது கருவி தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். குழாயை திறந்துவிட்டு பிரஷ் போட்டால் ரத்தத்துளி முகத்தில் தெறிக்கும். உள்ளே துளை உள்ள குழல் கருவிகளுக்கு அந்த துளைக்கு ஏற்ற பிரஷ் தனியாக வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் அலசி, காயவைத்து, பூதக்கண்ணாடி வைத்து மடிப்பு மடிப்பாக பார்த்த பிறகுதான் பொட்டலம் கட்ட வேண்டும்.

ஒரே லிப்ட், ஒரே தள்ளுவண்டி

கழுவுவதைவிட மோசம், கொண்டு போகும் வழி. அழுக்கு கருவி மூடியிட்ட, ஒழுகாத, குத்தினால் துளை விழாத பெட்டியில் போக வேண்டும். மேலே அபாய முத்திரை இருக்க வேண்டும். அழுக்கு போகும் வழி ஒன்று, சுத்தமானது வரும் வழி ஒன்று. புது கட்டிடங்களில் இதற்கென தனி லிப்ட் வைத்து கட்டுகிறார்கள். பழைய கட்டிடங்களில் அதற்கு வழியில்லை. நோயாளி, பார்க்க வருபவர், சாப்பாட்டு கேரியர், அழுக்குத்துணி எல்லாம் போகிற அதே லிப்டில் தட்டும் போகும்.

தனி லிப்ட் கட்ட கோடி வேண்டும், சரி. மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்க என்ன ஆகிவிடும்? காலையில் சுத்தமானதை கொண்டுவந்த வண்டியில் மதியம் அழுக்கை ஏற்றாமல், ரெண்டு வண்டிக்கு ரெண்டு கலர் பெயிண்ட் அடிக்க என்ன செலவு? முடியாததும் மனசு இல்லாததும் வேற வேற.

எலும்பு முறிவு ஆபரேஷனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிளேட், ஸ்க்ரூ, அதை முடுக்கும் டிரில் எல்லாம் அடங்கிய 'செட்' பல சின்ன ஆஸ்பத்திரிகளிடம் சொந்தமாக இருக்காது. டீலரின் ஆள் பெட்டியை வண்டியில் வைத்து கொண்டு வந்து கொடுப்பார். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்துப் போவார். நாளைக்கு அது வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு போகும். முறைப்படி, வந்த பெட்டியை ஒரு நாளாவது முன்னாடி வாங்கி, ஒவ்வொன்றாக கழட்டி, தாங்களே கழுவி, நீராவியில் வைத்து எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். திருப்பி அனுப்பும் முன்பும் கழுவ வேண்டும். 'போன ஊரில் கழுவியிருப்பார்கள்' என்று இவர்களும், 'அடுத்த ஊரில் கழுவிக்கொள்வார்கள்' என்று அவர்களும் இருந்துவிட்டால், நடுவில் காலை உடைத்துக்கொண்ட கொத்தனாரின் எலும்புக்குள் போவது யாரோ ஒருவரின் பழைய ரத்தம். எலும்பில் ஏறிய சீழ் லேசில் போகாது. மறுபடி ஆபரேஷன், பிளேட்டை எடு, மாதக்கணக்கில் மருந்து, வேலைக்கு போக முடியாது.

பட்டை கருத்துவிட்டால் போதுமா?

கழுவிய பிறகு 'ஆட்டோகிளேவ்'. பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம், வீட்டு குக்கரின் பெரியண்ணன்தான். சாதாரணமாக கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். அதில் சாகாத வித்துக்கிருமிகள் இருக்கின்றன. மூடி வைத்து அழுத்தம் ஏற்றினால் நீராவி 121 டிகிரிக்கு போகும். அந்த சூட்டில் 15 நிமிஷத்துக்கு குறையாமல் வைக்க வேண்டும். 134 டிகிரி என்றால் 3 முதல் 4 நிமிஷம் போதும். சூடு ஏறும் நேரமும், காயும் நேரமும் தனி.

ஆகவே, சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் கருவியை போட்டு எடுக்கும் கிளினிக்குகளை நம்ப வேண்டாம். சில இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கு எரியும், உள்ளே கருவிகள் பளபளவென இருக்கும். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கு, ஏற்கனவே சுத்தமானதை எடுத்து வைப்பதற்கு மட்டுமே. அழுக்கை அது சுத்தம் செய்யாது.

பொட்டலத்தின் மேல் ஒட்டும் பட்டையில் நீராவி பட்டதும் கருப்பு கோடு விழும். பட்டை கருத்துவிட்டது, கிருமி செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த கோடு சொல்வது, இந்த பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான். உண்மையான சோதனை வேறு. லேசில் சாகாத ஒரு வித்துக்கிருமியை சின்ன குப்பியில் உள்ளே வைத்து, எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். வளர்ந்தால் மெஷின் பெயில். இதை ஒழுங்காக செய்து நோட்டில் எழுதி வைக்கும் ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. வெளியே எடுக்கும்போது பொட்டலம் ஈரமாக இருந்தாலும் அது தள்ளுபடிதான். ஈரத்தின் வழியாக வெளிக்கிருமி உள்ளே இறங்கிவிடும்.

நீராவி தாங்காத லேப்ராஸ்கோப் போன்ற கருவிகளுக்கு 'குளூட்டரால்டிஹைடு' மருந்தில் ஊறவைப்பது வழக்கம். 20 நிமிஷம் ஊறினால் பெரும்பாலான கிருமிகள் சாகும். வித்துக்கிருமியும் சேர்த்து முழுசாக சாக 10 மணி நேரம் ஆகும். இப்போது 2014-ம் ஆண்டு நவம்பரில் சத்தீஷ்கார் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கு.க. ஆபரேஷன் முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரே லேப்ராஸ்கோப் என்று செய்தி வந்தது. 3 லேப்ராஸ்கோப் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. 10-க்கும் அதிகமான பெண்கள் இறந்தார்கள். மாத்திரையில் கோளாறா, கருவியில் கோளாறா என்று பெரிய வாதம் நடந்தது. வாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம். அந்த வேகத்தில் எந்தக் கருவியையும் முறைப்படி கழுவ நேரமே இருந்திருக்காது.

நம்ம ஊரும் தப்பவில்லை. 2008-ம் ஆண்டு இலவச கண் முகாமில் சேர்க்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்து ஏழைகளுக்கு பெரம்பலூரில் ஆபரேஷன் நடந்தது. கிருமி தொற்றி 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு பார்வை போனது. விவகாரம் சி.பி.ஐ. வரை சென்றது. முகாம், இலவசம், கூட்டம். இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் கழுவும் நேரம் முதலில் வெட்டப்படுகிறது. அங்கே வரிசையில் நிற்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கழுவும் கைக்கு யார் பாதுகாப்பு?

இத்தனை படியில் எந்தப் படியிலும் டாக்டர் இல்லை. தட்டை தூக்குவது, வண்டியை தள்ளுவது, பிரஷ் போடுவது எல்லாம் கடைநிலை ஊழியர்கள். பல ஆஸ்பத்திரிகளில் இவர்கள் தனியார் ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வந்த பெண்கள். இன்று வார்டு கூட்டல், நாளை தியேட்டர், மறுநாள் கக்கூஸ் என்று மாற்றி மாற்றி போடப்படுபவர்கள். எந்த இடுக்கியை எங்கே கழட்ட வேண்டும் என்று அவர்களுக்கு சொல்லிக் கொடுப்பதற்குள் ஆள் மாறிவிடுகிறது. சரியாக கழுவவில்லை என்று கத்துவதற்கு மட்டும் ஆள் ரெடியாக இருக்கிறது.

ஒரு கருவியின் முனை விரலில் குத்தினால் என்ன ஆகும்? அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால், குத்துப்பட்ட ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்கு தொற்றும். மஞ்சள் காமாலை 'பி' வகை இருந்தால் கணக்கு பயங்கரம். தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 30 பேர் வரை தொற்றலாம். அந்த 'பி' கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். 'காஞ்சு போச்சு, ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

வீட்டில் பாத்திரம் தேய்க்க போடுவது போன்ற மெல்லிசு கையுறையும் ஒரு சேலைத்தலைப்பும் இதற்கு போதாது. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை, தண்ணீர் ஏறாத ஏப்ரன், முகத்தை மறைக்கும் கண்ணாடி, மாஸ்க், மூடிய செருப்பு ஆகிய அத்தனையும் கொடுக்க வேண்டும். மருத்துவக்கழிவு விதி 2016-ன்படி, கழிவைத் தொடும் ஊழியர்களுக்கு மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியும், டெட்டனஸ் ஊசியும் ஆஸ்பத்திரி நிர்வாகமே போட வேண்டும். ஒப்பந்த ஊழியர் என்றால் விலக்கு என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் ஏஜென்சியை கேட்டால் ஆஸ்பத்திரியையும், ஆஸ்பத்திரியை கேட்டால் ஏஜென்சியையும் கை காட்டினால் ஊசி போடுவது யார்?

குத்திவிட்டால் விரலை பிதுக்கக்கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். வேலை போய்விடுமோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டோகிளேவ் மெஷின் வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். பிரஷ்ஷும் என்சைம் சோப்பும் வாங்கினால் யார் போட்டோ எடுப்பார்கள்? அதனால்தான் மெஷின் இருக்கும் இடத்தில் பிரஷ் இல்லை, பிரஷ் இருக்கும் இடத்தில் நிரந்தரமாக ஒரு ஆள் இல்லை. ஒரே ஆளை அந்த வேலையில் நிலையாக வைத்து, பயிற்சி கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் கொடுத்தால் பாதி பிரச்சினை தீரும்.

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ம் ஆண்டே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வரவே 2018-ம் ஆண்டு ஆனது. 21 வருஷம்! இப்போது பதிவு செய்யாமல் நடத்த முடியாது. ஆனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவது வேறு, பின்பக்க அறையில் கருவி எப்படி கழுவப்படுகிறது என்று அதிகாரி போய் பார்ப்பது வேறு. சொல்லிவிட்டு வரும் ஆய்வில் எல்லா பக்கெட்டும் பளிச்சென்றுதான் இருக்கும்.

பல் பிடுங்கப் போகும் பொதுமக்கள் டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. கருவியை உங்கள் கண் முன்னால் சீல் வைத்த பொட்டலத்தில் இருந்து பிரிக்கிறார்களா, அதில் தேதி இருக்கிறதா, பட்டையில் கோடு விழுந்திருக்கிறதா, சலைன் பாட்டிலை புதிதாக உடைக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், காட்டுவார். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடலாம், பல் வலி இன்னும் ஒரு நாள் தாங்கும். புகார் இருந்தால் மாவட்ட மருத்துவப்பணிகள் இணை இயக்குனர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.